பிள்ளைக்கு முதல் டெலஸ்கோப்



"பிள்ளைக்கு எந்த டெலஸ்கோப் வாங்கலாம் சார்?" என்று பலர் கேட்கிறீர்கள்.

பெட்டியில் '525 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று போட்டிருந்தால் தொடாதீர்கள். முக்கியமானது ஒளியை வாங்கும் முகப்பின் விட்டம். ஒரு மில்லிமீட்டருக்கு 2 மடங்கு என்பது கணக்கு. 60 மி.மீ. குழாயில் 120 மடங்கைத் தாண்டினால் எல்லாம் கலங்கலாகத்தான் தெரியும். முக்காலியும் ஆடினால் பிள்ளை வெறுத்துவிடும். டெலஸ்கோப் பரணுக்குப் போகும், ஆர்வமும் கூடவே போகும். அதுதான் பெரிய நஷ்டம்.

முதலில் 10×50 பைனாகுலர் வாங்குங்கள். நிலாவின் பள்ளங்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், கையைச் சுவரில் ஊன்றிப் பார்த்தால் வியாழனின் நிலாக்கள் எல்லாம் தெரியும். ஆறு மாதம் கழித்தும் பிள்ளை மொட்டைமாடிக்கு ஓடினால், 130 மி.மீ. ஆடி உள்ள 'டாப்சோனியன்' வகை வாங்கலாம். முக்காலி இல்லை, உறுதியான மேசைமேல் வைத்தால் போதும். சனிக்கோளின் வளையம் தெரியும்.

34 வருடம் அந்த வளையத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். நேரில் பார்த்தது ஓய்வுக்குப் பிறகுதான். மிளகளவுதான் இருந்தது, கண் கலங்கிவிட்டது. உங்கள் பிள்ளைகள் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, பார்வை போய்விடும்.

பணம் போடுமுன் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். என்னுடையதில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் சார்