மறைத்த வலியும் கரைந்த எலும்பும்



யானைக்கவுனியில் எங்கள் வீட்டில் தாயார் அவர்கள் ஃபஜ்ருக்கு எழும்போது சுவரைப் பிடித்துக்கொள்வார்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர்களுக்கு இடுப்பு மூட்டு மாற்றப்பட்டிருந்தது. "வலிக்கிறதாம்மா?" என்றால், "அல்ஹம்துலில்லாஹ், ஒன்றுமில்லை" என்பதே பதில். மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஸப்ரின் சிறப்பைப் போதிக்கும் நாங்களும் அதனைப் பொறுமை என்றே எண்ணியிருந்தோம்.

ஒருநாள் ஸஜ்தாவிலிருந்து அவர்களால் எழ இயலவில்லை. வால்டாக்ஸ் சாலையைக் கடந்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், செயற்கை மூட்டு தளர்ந்து, அதைத் தாங்கிய எலும்பும் கரைந்திருப்பதாகக் கூறினார். மூட்டின் உராய்வில் நுண்துகள்கள் உதிர்கின்றன. அவற்றை அகற்ற முனையும் உடலே அருகிலுள்ள எலும்பை அரித்துவிடுகிறது. பல ஆண்டுகள் இது வலியின்றியும் நிகழக்கூடும்.

நாடறிந்த சான்றொன்று உண்டு. டெப்யூ நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டு 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. உலோகத்தோடு உலோகம் உரசி உதிர்ந்த கோபால்ட், குரோமியத் துகள்கள் பலருக்குத் திசுவையும் எலும்பையும் சிதைத்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் அது பொருத்தப்பட்டிருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வழங்கும் முறையை 2018-இல் மத்திய அரசு ஏற்றது. எங்கள் தாயாருக்குப் பொருத்தப்பட்டது வேறு வகை, பாடம் ஒன்றே.

மறு அறுவையில் எலும்பு குறைந்த இடத்தை எலும்பு வங்கியின் எலும்பாலோ, நுண்துளைகள் கொண்ட உலோகத்தாலோ நிரப்புகிறார்கள். பெரும்பாலோருக்கு வலி தணிகிறது, நடை மீள்கிறது. ஆயினும் மூட்டு நழுவுதல், கிருமித்தொற்று, மீண்டும் தளர்தல் ஆகிய அபாயங்கள் முதல் அறுவையைவிட அதிகம். எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ, அவ்வளவுக்கு மருத்துவரின் பணி எளிது. நாங்கள் இழந்தது அந்த எலும்பையே.

இன்று தாயார் அவர்கள் கைத்தடியுடன் நடக்கிறார்கள். நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார்கள். நெற்றி தரையில் படவில்லையே என்று முதல் நாள் அழுதார்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம் என்ற நபி (ஸல்) அவர்களின் அனுமதியை நினைவூட்டினோம்.

அய்யூப் (அலை) அவர்கள் தம் துன்பத்தை இறைவனிடம் வாய்விட்டுச் சொன்னார்கள். ஆயினும் அல்லாஹ் அவர்களைப் பொறுமையாளர் என்றே புகழ்ந்தான். வலியைச் சொல்வது பொறுமைக்கு மாறானதன்று. உடல் ஓர் அமானிதம். மூட்டு மாற்றிய பெரியவர்கள் உங்கள் இல்லத்தில் இருந்தால், வலி இல்லை என்றாலும் மருத்துவர் குறித்த காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். நாங்கள் கேட்டதோடு நின்றோம். நீங்கள் அழைத்துச் செல்லுங்கள்.

அல்லாஹ் அனைவருக்கும் ஆஃபியத்தை அருள்வானாக! ஆமீன்.