ஒதுங்கி நிற்க ஒரு முழம்

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் டிகாக்‌ஷன் இறங்குவதற்கு முன்பே ஈரச் சிமென்ட் வாசனை வந்துவிடுகிறது, ரெடிமிக்ஸ் லாரி ஒன்று தன் பெரிய வயிற்றைச் சுழற்றிக்கொண்டே பின்பக்கமாகத் தெருவுக்குள் நுழைய, கிளீனர் பையன் ஒருவன் முன்னால் நின்று மதில்களையும் வண்டிகளையும் பார்த்துப் பார்த்துக் கையசைக்க, பால்காரரும் பள்ளிக்கூட வேனும் தெருமுனையில் காத்திருக்க, ஒவ்வொரு பால்கனியிலும் பல் துலக்கியபடி ஒருவர் நின்று அந்த லாரி எந்தக் காரை உரசப்போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்போம். அந்த வாசனையில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது, ஆனால் மணம் என்று சொல்ல எதுவும் இல்லை, மூக்கு எதையோ எதிர்பார்த்துவிட்டு ஏமாந்து திரும்புகிறது.

அது எதிர்பார்ப்பது சுண்ணாம்பை. திருவாரூர்ப் பக்கம் ஓடம்போக்கி ஆற்றை ஒட்டியிருந்த எங்கள் ஊரில் தாத்தா முன்கட்டைப் பிரித்துக் கட்டியபோது சிமென்ட்டுக்குப் பர்மிட் வாங்க வேண்டியிருந்த காலம், தாசில்தார் ஆபீஸ் படியேறி நிற்பதற்கு மனமில்லாத அவர் பழையபடி சுண்ணாம்பே போதும் என்று சொல்லிவிட்டார், வாசலுக்கு எதிரே வட்டமாகப் பள்ளம் வெட்டி, கல் சக்கரத்தை மாடு சுற்றிச் சுற்றி இழுக்க, சுண்ணாம்பும் மணலும் நாள் முழுக்க அரைபட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் பானையில் கடுக்காயும் வெல்லமும் ஊறிக்கிடக்கும், அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கிளம்பும் வாசனை லேசாகத் துவர்த்து, லேசாக இனித்து, மாட்டுச் சாணத்தோடும் வைக்கோலோடும் கலந்து, சாயங்கால வெயில் சாய்ந்து திண்ணைக்கு வரும்போது அந்த வெயிலுக்கே உரிய வாசனைபோல ஆகிவிடும். தாத்தா அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவார், காம்பைக் கிள்ளுவதற்கும் நரம்பை உரிப்பதற்கும் அவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எங்கள் கொத்தனார் ஒரு வரிசைக் கல்லை வைத்து முடித்துவிடுவார்.

கல்லும் மண்ணும் வந்த வண்டிகள் எங்கள் தெருவழியாக வரவில்லை, களத்துக்குப் போகும் பின்புற வண்டிப்பாதையில்தான் வந்தன, அந்தப் பாதைக்கு ஒரு கதை உண்டு. தெருவுக்கும் களத்துக்கும் நடுவில் இருந்த நிலத்தை வாங்கிய பக்கத்து வீட்டுக்காரர் ஒரு நாள் விடியற்காலையில் ஆள்விட்டு முள்வேலி போட்டுவிட, அறுவடை முடிந்து கட்டுகளோடு வந்த வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. தாத்தா திருவாரூருக்குப் போய் வக்கீலைப் பார்த்தார், அவர் 1882-ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டத்தை எடுத்துவைத்து, இருபது வருடம் தடையில்லாமல், உரிமையோடு நடந்த வழி வழியாகவே நிலைத்துவிடும் என்று சொல்ல, முன்சீஃப் கோர்ட்டில் வழக்குப் போட்டாயிற்று. வழக்கு அதன்பாட்டுக்கு நடந்தது, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார்கள், ஒரே கடையில் டீ குடித்தார்கள், வாய்தா வாங்கிக்கொண்டு ஒரே பஸ்ஸில் திரும்பி வந்தார்கள். கடைசியில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணத்துக்குச் சீர்வண்டி வர வேண்டியிருந்தபோதுதான் கர்ணமும் ஊரில் நான்கு பெரியவர்களும் கயிற்றை எடுத்துக்கொண்டு போய் நின்றார்கள், ஒரு பார வண்டி போகிற அகலம், அதோடு எதிரே வருகிறவன் ஒதுங்கி நிற்க ஒரு முழம், இதுதான் பாதை என்று முளை அடித்தார்கள். அந்த ஒரு முழத்தை யார் கொடுப்பது என்றுதான் மறுபடியும் சண்டை வந்தது, ஆளுக்கு அரை முழம் விட்டார்கள்.

நடவுக்கு வரும் பெண்கள் மட்டும் அந்தப் பாதையிலும் வருவதில்லை, தெருவிலும் வருவதில்லை, வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டு, முழங்கால் வரை சேற்றோடு, களத்தின் பின்பக்கமாக வந்து கூலி நெல்லுக்கு நிற்பார்கள். ஏன் தாத்தா, தெரு கிட்டத்தானே இருக்கு, என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை, இன்னொரு வெற்றிலையை எடுத்தார்.

தேர் பார்க்க அவர்தான் என்னைத் திருவாரூருக்குக் கூட்டிப்போனார். பல வருடம் நிலையிலேயே நின்றிருந்த ஆழித்தேர் 1970-இல் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது, சீலையும் தொம்பையும் கட்டி அலங்கரித்தால் 96 அடி உயரம், முந்நூறு டன் எடை என்றெல்லாம் கூட்டத்தில் சொல்லிக்கொண்டார்கள், எனக்கு நினைவிருப்பது உயரம் அல்ல, அது திரும்பிய விதம்தான். கீழ வீதியிலிருந்து மூலைக்கு வந்ததும் தேர் நின்றுவிடும், சக்கரத்தின் கீழே இரும்புத் தகடு போட்டு, மசகு தடவி, முட்டுக்கட்டைக்காரர்கள் சக்கரத்தோடு சக்கரமாக ஓடி ஓடிக் கட்டையைத் திணிக்க, அந்த மரமலை அங்குலம் அங்குலமாகத் திரும்பும், மசகும் வியர்வையும் நசுங்கிய வாழைப்பழமும் சாம்பிராணியும் சேர்ந்த நெடியில் நான் தாத்தாவின் தோள்மேல் இருந்தேன். மூலை வீட்டின் தாழ்வாரத்துக்கும் தேருக்கும் நடுவில் இருந்த இடைவெளியைக் காட்டி, தேர் வீதியில் வீடு கட்டுறவன் தேரைக் கேட்டுக்கிட்டுத்தான்டா கட்டணும், என்றார். பிளான் அப்ரூவல் என்ற சொல்லை நான் கேள்விப்படுவதற்கு வெகுகாலம் முன்னால் அந்த விஷயத்தை அப்படித்தான் தெரிந்துகொண்டேன், வருடத்துக்கு ஒருமுறை வருகிற மிகப் பெரியது எதுவோ அதுதான் வீதியின் அளவு, மற்ற நாட்களில் அந்த அகலத்தில் மாடு படுத்திருக்கலாம்.

பெரியப்பா அந்த ஊரைவிட்டு வந்து நங்கநல்லூரில் ஒன்றரை கிரவுண்டு வாங்கியபோது தெருவில் ஐந்தாறு வீடுகள்தான், மீதியெல்லாம் வேலிக்காத்தானும் குட்டையும், பழவந்தாங்கல் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் கோட்டைக்குப் போய்வருவார், ராத்திரி செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது அவர்தான் என்று நாய்கள் தெரிந்துகொள்ளும். கோடை விடுமுறைக்கு நான் போனால் விடியற்காலையில் பவழமல்லியும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் சேர்ந்து மணக்கும் அந்த வீட்டில், பெரியப்பா முதல் வேலையாகச் செய்வது முனிசிபாலிட்டிக்குக் கார்டு எழுதுவதுதான், மூன்றாவது கம்பத்தில் விளக்கு எரியவில்லை, நான்காவது வீட்டு வாசலில் தண்ணீர் தேங்குகிறது, என்று கார்பன் வைத்து எழுதி, நகலைத் தகரப்பெட்டியில் போட்டு, மூக்குப்பொடியை ஒரு சிட்டிகை இழுத்து, தும்மிய பிறகே குளிக்கப் போவார். பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை, விளக்கு மட்டும் எப்போதாவது எரிந்தது.

தெரு அப்போது வீட்டின் கடைசி அறையாக இருந்தது. பெரியம்மா பழைய வேட்டியை விரித்து நடுத்தெருவில் வடாம் பிழிவாள், நாலு மூலைக்கும் கல் வைத்துக் கறுப்புக் குடையொன்றைக் காக்கைக்காகச் சாய்த்துவைப்பாள், சைக்கிள்காரர்கள் பெல் அடித்து வளைந்து போவார்கள். யார் வீட்டிலாவது கல்யாணம் என்றால் தெருவையே அடைத்துக் கீற்றுப் பந்தல், மூன்று நாளைக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும், சாவு என்றாலும் அப்படித்தான், நாலு பேர் தோள்சேர்த்துப் போகிற வழி இருந்தால் போதும் என்பது பெரியம்மா கணக்கு. வழியடைப்பைப் பற்றி அப்போது யாரும் புகார் சொல்லாததற்கு மனிதர்களின் நல்ல குணம் காரணமென்று நான் நினைக்கவில்லை, யாருக்கும் அவ்வளவு அவசரமாகப் போகவேண்டிய இடம் இல்லை, அவ்வளவுதான்.

பிறகு நங்கநல்லூர் அடங்கிய ஆலந்தூர் நகராட்சியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது, அரசு போடட்டும் என்று காத்திருக்காமல் வீட்டுக்கு 5000 ரூபாய் மக்களே கட்டி ஆரம்பித்த திட்டம், வெளியூர்களிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரிட்டயர் ஆகியிருந்த பெரியப்பா குடையும் நோட்டுமாக வீடு வீடாகப் போய் எடுத்துச்சொன்னார், மறுத்தவர்கள் வீட்டுக்கு மறுநாளும் அதே நேரத்துக்குப் போய் ஒன்றும் பேசாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார், மோர் கொடுத்தால் குடிப்பார், கடைசியில் பணம் கட்டிவிட்டார்கள். அந்தக் குழாய் இருந்ததால்தான் பின்னால் அடுக்குமாடிகள் வந்தன என்பதை அவர் பார்த்துவிட்டுத்தான் போனார், அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அவர் போனபின் பிள்ளைகள் வீட்டை ஜாயின்ட் வெஞ்சருக்கு விட்டார்கள், கிணறு இருந்த இடத்தில் லிஃப்ட், பவழமல்லி இருந்த இடத்தில் இரண்டு கார், அதில் ஒரு ஃபிளாட்டில்தான் நான் குடியிருக்கிறேன். 2011-இல் ஆலந்தூரும் மாநகராட்சியோடு சேர்ந்தது, 2016-இல் ஜி.எஸ்.டி. சாலையில் மெட்ரோ வந்தது, 2019-இன் புதிய கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டானது, அதாவது கிரவுண்டுக்கு 3600 சதுர அடி என்றிருந்த கணக்கு 4800 ஆனது, 18.30 மீட்டர் உயரத்துக்குள் அடங்கினால் அது உயர்மாடிக் கட்டடமே இல்லை, ஆகவே ஸ்டில்ட்டும் அதன்மேல் ஐந்து மாடியும் தெருவுக்குத் தெரு முளைத்தன. தெரு மட்டும் பெரியம்மா வடாம் பிழிந்த அதே தெரு, உண்மையில் அதுகூட இல்லை, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே ரோடு போட்டதில் அது உயர, வீட்டுக்குள் தண்ணீர் வராமலிருக்க ஒவ்வொருவரும் வாசலில் சாய்தளம் கட்டித் தெருப்பக்கம் இழுத்துவிட, இருபுறமும் ஆளுக்குக் கொஞ்சம் தின்றது போக மிச்சமிருப்பதுதான் இப்போது தெரு.

அந்த மிச்சத்தின் கடைசியில்தான் புதுக் குடியிருப்பு வருகிறது, பழைய பட்டறையும் அதையொட்டிய தோப்பும் சேர்ந்த இடம், நூற்றுக்குமேல் வீடு என்கிறார்கள். 3000 சதுர மீட்டருக்கு, அதாவது பதின்மூன்று கிரவுண்டுக்குச் சற்று மேல், மனை போனால் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதனால் ஒரு பூங்கா கிடைக்கும் என்று எங்களில் சிலர் சந்தோஷப்பட்டார்கள், பூங்காவுக்கு எந்த வழியாகப் போவது என்பதுதான் கேள்வி. மனைக்கு முன்னால் சாலை அகலமாகத்தான் இருக்கிறது, வரைபடத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு தெரு முன்னால் கழுத்து இறுகுகிறது. மேற்கே ரயில் பாதை, பழவந்தாங்கல் சுரங்கப்பாதையும் தில்லை கங்கா நகர் சுரங்கப்பாதையும் மழை கொட்டினால் நிரம்பிவிடும், அப்போது ஊரே எஞ்சிய வழிகளில் திரும்பும், அந்த நேரத்தில் ஆம்புலன்ஸ் ஒன்று எங்கள் தெருவுக்குள் வந்தால் எங்கே திரும்பும் என்று எந்த விண்ணப்பத்திலும் கட்டம் போட்டுக் கேட்கவில்லை.

ஸ்டில்ட்டில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அசோசியேஷன் கூட்டம் நடந்தது, ஃபிளாஸ்க் காபி, பேப்பர் கப், ஆளுக்கொரு போன் வெளிச்சம். செயலாளர் மனுவைப் படித்தார், கட்டுமான லாரிகள் பள்ளி நேரத்தில் வரக்கூடாது, குடியிருப்பின் பிரதான கேட் மெயின் ரோட்டுப் பக்கம்தான் இருக்கவேண்டும், எங்கள் தெருப்பக்கம் அவசர வழி மட்டும் போதும், எல்லாம் நியாயம்தான், பெரியப்பா இருந்தால் கார்பன் வைத்திருப்பார். நான்காவது வரியில், வெளியாட்கள், வேலைக்காரர்கள், டெலிவரிப் பையன்கள் ஆகியோரின் நடமாட்டம் எங்கள் தெருவில் அதிகமாகும், ஆதலால் தெருமுனையில் கேட் போட அனுமதிக்க வேண்டும், என்று இருந்தது. எனக்குச் சட்டென்று வாய்க்கால் கரையும் சேறும் ஞாபகம் வந்தன, இது பொதுத்தெரு சார், இந்த வரி வேண்டாம், என்றேன். அப்ப செக்யூரிட்டி பாயின்ட்டே இல்லாமப் போயிடுமே சார், என்றார். நம்ம வீட்டுல பாத்திரம் தேய்க்கிறவங்க எந்த வழியா வராங்க, என்று முதல் மாடி அம்மா கேட்டார், அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கொஞ்சம் முனகல் இருந்தது, வரி போயிற்று.

இதையெல்லாம் கேளாதவர்போல மூலை வீட்டு ரிட்டயர்டு எஞ்சினியர் டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போய்த் தெருவை மதிலுக்கு மதில் அளந்துவிட்டு வந்தார், எண்பதைத் தாண்டியவர், கழுத்தில் மஃப்ளர், பேசுவதற்கு முன் கண்ணாடியைத் துடைப்பார். அவங்க கேட்டை எங்க வெச்சாலும் சரி, இப்ப நம்ம தெருவுலயே ஃபயர் எஞ்சின் திரும்பாது, ராத்திரி நிக்கிற காரெல்லாம் எடுத்தாத்தான் திரும்பும், அதையும் மனுவுல எழுதுங்கோ, ஒரு பக்கம் நாங்க காலியா வெச்சுக்கறோம்னு, என்றார். தெருவில் நின்ற கார்களில் முதலாவது செயலாளருடையது. அவர் சிரித்துக்கொண்டே எழுதினார், எழுதிய பிறகு பேனா நாற்காலி நாற்காலியாகப் போனது, நாலைந்து பேர் வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று லிஃப்ட்டை நோக்கி எழுந்துபோனார்கள், எஞ்சினியர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்கு அவர்கள் வீட்டு வாசலில் போய் உட்காருவது எத்தனை மணிக்கு என்று என்னைக் கேட்டார்.