முதல் இழுப்பு

முதல் கஞ்சாவை உங்கள் பையனுக்குக் கொடுப்பது யார் என்று நினைக்கிறீர்கள்? சினிமாவில் வருகிற தழும்பு முகத்து வில்லனா? இல்லைங்க. பெரும்பாலும் கூடப் படிக்கிறவன், இல்லாவிட்டால் பக்கத்துத் தெரு அண்ணன். மணிமுத்தாறில் குளித்துவிட்டு நாலு பேர் ஈரத்தலையோடு உட்கார்ந்திருக்கும்போது, "ஏல, ஒரே ஒரு இழுப்பு... ஒண்ணும் ஆகாதுல" என்பான். காசுகூடக் கேட்க மாட்டான்.

பையனுக்குப் போதை முக்கியமில்லை. 'பயந்தாங்கொள்ளி' என்று பேர் வாங்கக் கூடாது, அவ்வளவுதான். பரீட்சை பயம், வீட்டுச் சண்டை, தனிமை எல்லாம் அவனை இரண்டாவது இழுப்புக்கு இழுத்துப் போகும்.

பி.காம். படித்தவன், கணக்காகவே சொல்கிறேன். அமெரிக்க ஆய்வுகளின்படி, கஞ்சா தொட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகிறார். பதின்வயதில் தொட்டால் ஆறில் ஒருவர்! மூளை முழுசாக வளர்ந்து முடிய ஏறக்குறைய 25 வயதாகிறதே. அதனால் தள்ளிப்போகிற ஒவ்வொரு வருஷமும் லாபம்தான்.

சட்டைப்பையைத் துழாவினால் பையன் ஒளிக்கத்தான் கற்றுக்கொள்வான். சிக்கிவிட்டான் என்று தெரிந்தால் அடிக்காதீர்கள். 14446-க்கு போன் போடுங்கள், மத்திய அரசின் இலவச உதவி எண். சிக்காத பையனா? இன்றைக்கு லேட்டாக வந்தால், "எவன்கூடல சுத்துன?" என்று அதட்டாமல், "அருவியில தண்ணி நல்லா விழுதால?" என்று ஆரம்பித்துப் பாருங்களேன். மீதியை அவனே சொல்வான்.