கதவில்லாத கணினிகள்

ஒரு மென்பொருளை நிறுவுவது இன்றைக்கு ஒரு வரி வேலை. கட்டளையைத் தட்டி என்டரை அழுத்தினால் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். அதற்கிடையில் திரையில் ஓடும் எழுத்துகளை யாரும் வாசிப்பதில்லை. வாசித்தால் தெரியும், நாம் கேட்டது ஒன்று, வந்து இறங்குவது நாற்பது. கேட்ட மென்பொருளுக்கு ஒரு லைப்ரரி வேண்டும், அதற்கு இன்னும் இரண்டு, அந்த இரண்டுக்கும் வேறு சில. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் வேன் பிடித்துக் குடும்பமே வந்து இறங்குவது மாதிரி.

2016 மார்ச்சில் இந்தச் சங்கிலி ஓரிடத்தில் அறுந்தது. லெஃப்ட்-பேட் என்று ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல், மொத்தமே 11 வரி. ஒரு சொல்லின் இடதுபக்கம் வெற்றிடத்தையோ பூஜ்ஜியத்தையோ சேர்த்து நீளத்தைச் சரிசெய்யும், அவ்வளவுதான். எழுதியவர் ஒரு பெயர்த் தகராறில் கோபித்துக்கொண்டு, பொதுக் களஞ்சியத்தில் வைத்திருந்த தன் நிரல்களை எடுத்துவிட்டார். உலகம் முழுக்கப் பல குழுக்களின் வேலை அப்படியே நின்றது. சில மணி நேரத்தில் அது திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த 11 வரியை நம்பித்தான் இருக்கிறோம் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அது தினமும் தெரியும். நான் வேலை பார்ப்பது இணையம் நுழையாத ஒரு சோதனைக்கூடத்தில். ஆலைகளைக் கட்டுப்படுத்தும் மென்பொருளை அங்கே சோதிக்கிறார்கள். உள்ளே நாற்பத்திரண்டு வி.எம்.கள். வி.எம். என்றால் கணினிக்குள் இருக்கும் கணினி. பெட்டி கிடையாது, ஒரு பெரிய கணினியின் வட்டில் சில கோப்புகளாக இருக்கும். ஆனால் தன்னை முழுக் கணினி என்றே நம்பிக்கொண்டிருக்கும். எங்களுடையவற்றுக்கு வலையமைப்பு அட்டையே வைக்கவில்லை. பக்கத்து வி.எம்.முடன்கூடப் பேச முடியாது.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட்டைச் சொல்வேன். ஈரானில் நடன்ஸ் என்ற இடத்தில் யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களைக் குறிவைத்த தீநிரல் அது. இணையத்தோடு தொடர்பில்லாத இடங்களுக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே பென் டிரைவ் வழியாகவும் பரவும்படி அதைச் செய்திருந்தார்கள். ஆக, வயரைப் பிடுங்கிவிட்டால் மட்டும் போதாது. உள்ளே போகும் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேண்டும்.

நான் சேர்ந்தபோது அந்தக் கணக்கு ஓர் அண்ணனிடம் இருந்தது. ஒப்பந்த ஊழியர், ஐம்பதைத் தாண்டியவர். புதுப் பதிப்பு வந்தால் ஒவ்வொரு வி.எம்.மாகத் திறந்து கையாலேயே நிறுவுவார். ஒன்றுக்கு முக்கால் மணி நேரம், நாற்பத்திரண்டுக்கும் ஒரு வாரம். ஒரு நீல அட்டை நோட்டு வைத்திருந்தார். எந்த வி.எம்.மில் எது முதலில், எதற்கு அப்புறம் மறுதொடக்கம், எந்தத் தேதியில் என்ன அடம் பிடித்தது, எல்லாம் அதில் இருக்கும்.

2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே ஓட்டை வெளியானபோது ஒரு வாரம் என்பது ரொம்ப நீளம் என்றாகிவிட்டது. "நம்மகிட்டதான் நெட்டே இல்லையே, அவசரம் என்ன?" என்று ஒரு தரப்பு. வாடிக்கையாளர் கேட்கவில்லை. இதைத் தானியங்கியாக்கு என்று என்னிடம் சொன்னார்கள்.

வலையமைப்பு இல்லாத வி.எம்.முக்குள் போக வழிகள் உண்டு. அது ஓடுவது நம் கணினியின் மேல்தானே. விண்டோஸின் ஹைப்பர்-வியில் பவர்ஷெல் டைரக்ட் என்று ஒன்று உண்டு, 2016 சர்வர் பதிப்பில் வந்தது. வலையமைப்பே இல்லாமல் உள்ளே கட்டளை அனுப்பலாம். லினக்ஸ் பக்கம் கியூஎமு கெஸ்ட் ஏஜென்ட், ஒரு மெய்நிகர் சீரியல் கம்பி வழியாகப் பேசும். நான் எடுத்துக்கொண்டது இவற்றைவிடப் பழைய வழி, சி.டி. நிஜமான வட்டு இல்லை, ஐஎஸ்ஓ என்னும் ஒரே கோப்பு. அதை வி.எம்.மின் சி.டி. டிரைவில் செருகியதாகக் காட்டினால் போதும். உள்ளே காத்திருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வட்டின் பெயரைப் பார்த்து, நம்முடையதுதான் என்றால் வேலையைத் தொடங்கும்.

இதில் சி.டி.யைச் செருகுவது சுலபம். அதற்குள் என்ன வைப்பது என்பதுதான் பாடு. வெளியே, இணையம் உள்ள இடத்தில், உள்ளே இருப்பதைப் போலவே ஒரு வி.எம். செய்துகொள்ள வேண்டும். அதே பதிப்பு, அதே வெறுமை. ஒன்று குறைந்தாலும் உள்ளே போய் நிற்கும்போது 'இது இல்லை' என்று வரும். கடைக்குத் திரும்பி ஓட முடியாது, மறுபடி அனுமதி, மறுபடி வைரஸ் சோதனை, பதிவேட்டில் மறுபடி கையெழுத்து. அதனால் விருந்தாளியின் விருந்தாளி வரை எல்லாரையும் பெயர் சொல்லி எழுதினேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கைரேகை. வெளியே எடுத்ததும் உள்ளே வந்ததும் ஒன்றுதானா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பட்டியல் முழுமை என்று நினைத்து அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"தேதி எங்க தம்பி?"

"எந்தத் தேதிண்ணே?"

"உள்ள இருக்கிற மெஷினுக்கு இன்னைக்கு என்ன தேதின்னு யாரு சொல்லுவா? அதுபாட்டுக்குப் பின்னாடி போயிருக்கும். சர்டிஃபிகேட்டைக் காட்டினா, இது இன்னும் பொறக்கவே இல்லையேன்னு சொல்லித் திருப்பி அனுப்பிடும்."

வெளியே இருக்கும் கணினிகள் நேரத்தைக்கூட இணையத்தில் கேட்டுத்தான் சரிசெய்துகொள்கின்றன. பட்டியலின் முதல் வரியாகக் கடிகாரம் சேர்ந்தது. அப்புறம் மூன்று மாலைகள் அவர் நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏன் இந்த இடத்தில் தொண்ணூறு விநாடி காத்திருக்க வேண்டும், எந்த வி.எம்.களில் வட்டு நிரம்பியிருக்கும், பாதியில் நின்றுபோனால் எங்கிருந்து தொடங்கலாம். ஸ்கிரிப்டைப் பத்து முறை ஓட்டினாலும் பலன் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதற்கு எங்கள் துறையில் ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அவர், "செஞ்சாச்சான்னு பாத்துட்டு செய்யி" என்றார்.

நாற்பத்திரண்டும் ஒரே இரவில் முடிந்தன. அடுத்த கூட்டத்தில் மேலாளர் என்னைப் பாராட்டினார். தொடர்ந்து, அதே குரலில், "அப்ப அவரோட கான்ட்ராக்ட் இனி தேவையா?" என்று கேட்டார். தேவை என்றேன். ஸ்கிரிப்ட் தெரிந்ததை மட்டும்தான் செய்யும், புதிதாக ஒன்று அடம் பிடித்தால் பார்க்கத் தெரிந்தவர் அவர்தான் என்றேன். எழுத்திலும் கொடுத்தேன். மூன்று மாதம் நீட்டித்தார்கள், அதற்கு மேல் இல்லை.

ஒப்படைக்கும் முன் ஸ்கிரிப்டில் இருக்கும் விளக்கக் குறிப்புகளை எடுத்துவிடச் சொன்னார்கள், நீளமாக இருக்கிறதாம். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கட்டளை என்ன செய்கிறது என்பதை யாரும் படித்துக் கண்டுபிடித்துவிடலாம். அது ஏன் அங்கே இருக்கிறது என்பது அந்தக் குறிப்புகளில்தான் இருக்கிறது. வரி விடாமல் பட்டியல் போட்ட பிறகும் நாங்கள் நம்பியிருந்த ஒரு பெயர் அதில் இல்லை. லெஃப்ட்-பேட் ஆளாவது கோபித்துக்கொண்டபோது உலகத்துக்குத் தெரிந்தது. அண்ணன் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

போன மாதம் கூப்பிட்டார். வேறொரு இடத்தில் வேலை, அங்கேயும் இணையம் இல்லாத அறை, அங்கேயும் கையால்தான்.

"அந்த ஸ்கிரிப்டை ஒரு காப்பி அனுப்பேன் தம்பி."

அனுப்ப முடியாது. அது நிறுவனத்தின் சொத்து, நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர் சொல்லித்தான் எழுதினேன் என்பது எந்தத் தாளிலும் இல்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சரி, அந்த சி.டி. விஷயம் எப்படின்னு மட்டும் சொல்லு."

அதில் ரகசியம் ஒன்றுமில்லை, எந்தக் கையேட்டிலும் இருப்பதுதான். ஐஎஸ்ஓவை எப்படிக் கட்டுவது, வட்டுக்குப் பெயர் எப்படி வைப்பது, ஸ்கிரிப்ட் அதை எப்படிக் கண்டுகொள்ளும் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"இரு, மெதுவா சொல்லு" என்றார். "எழுதிக்கறேன்."