386க்கு விடை கொடுத்தபோது

நான் லினக்ஸ் கற்றுக்கொண்டது ஒரு பழைய 386 கம்ப்யூட்டரில். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் அதை எழுதத் தொடங்கியதும் 386ல்தான். 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் 386க்கான வரிகளை நீக்கிவிட்டார்கள். படித்த பள்ளிக்கூடத்தை இடித்தது போலிருந்தது.

காரணம் பிறகு புரிந்தது. அடுத்து வந்த 486ல் உள்ள சில கட்டளைகள் 386ல் கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டும் வரிகள், பல பிராசசர்கள் சேர்ந்து இயங்கும் பகுதியைத் திருத்தும்போதெல்லாம் குறுக்கே நின்றன. யாரும் ஓட்டிப் பார்க்காத வரிகளில் பிழை இருந்தாலும் வெளியே தெரியாது.

ஆனாலும் அவசரப்படுவதில்லை. இன்டெலின் இட்டேனியம் சிப்புக்கான பகுதி 2021ல் கவனிப்பாரற்றது என்று குறிக்கப்பட்டு, 2024 ஜனவரியில் வந்த 6.7 பதிப்பில்தான் நீக்கப்பட்டது. நடுவில் எழுந்த கேள்வி ஒன்றே: இதை இன்னும் யாராவது உபயோகிக்கிறார்களா?

அந்தக் கேள்வி காதில் விழாத யாரோ ஒருவர் எங்கோ இருக்கலாம். பழைய பதிப்புகள் அவருக்குத் திறந்தே கிடக்கின்றன. ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் அவற்றுக்கு என்றென்றும் வந்துகொண்டிருக்காது. வேண்டாததை நீக்கத்தான் வேண்டும். அதற்கு முன் அவரைத் தேடிப் பார்ப்பதுதான் நியாயம்.