கே.ஜி.எஃப்-பில் பைரைட் தேடிப் போனேன்... மாமா காட்டிய சுவர்!

கொஞ்ச நாளாக என் இன்ஸ்டாகிராம் முழுக்க பைரைட் பிரேஸ்லெட்தான். கையில் போட்டால் பணம் ஒட்டிக்கொள்ளுமாம். அதைப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் பைரைட் எங்கே கிடைக்கும்னு ஒரு ஸ்டோரி பண்ணேன்" என்றார்கள் எங்கள் டெஸ்க்கில். நாலு கடை லிங்க் போட்டு முடித்திருக்கலாம். ஆனால், கோலார் தங்கவயலில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அம்மாவின் அண்ணன். 2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கத்தை மூடும்வரை பூமிக்கடியில் வேலை பார்த்தவர். கல்லைப் பற்றி அவரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது?

சென்னையிலிருந்து பங்காருப்பேட்டை வரை ஒரு ரயில். அங்கிருந்து மாரிக்குப்பம் போகும் லைனில் இன்னொன்று. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால், ஜன்னலுக்கு வெளியே வெளுத்த மண் மலைகள் வரும். ஊர்க்காரர்களுக்கு அது 'சயனைடு மேடு'. சினிமா பார்த்துவிட்டு வருகிறவர்கள் நேராக அதன்மேல்தான் ஏறுகிறார்கள். செல்ஃபி எடுத்த கையோடு, மின்னுகிற கல் ஏதாவது கிடைக்குமா என்று கிளறவும் செய்கிறார்கள்.

"அதுல என்னா கெடைக்கும்? மாவுதான் கெடைக்கும்" என்றார் மாமா.

சரிதான். சுரங்கத்திலிருந்து வந்த பாறையை மில்லில் பொடியாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சக்கை அது. மூன்று கோடி டன்னுக்கு மேல் குவிந்து கிடக்கிறது. அவ்வளவு நைசாக அரைத்த பொடியில் கல்லாக எதுவும் மிஞ்சியிருக்காது. காற்றடித்தால் அந்தத் தூசு வீட்டுக்குள்ளேயே வரும் என்று மாமி சொன்னார். பைரைட்டுக்காக அந்த மேட்டில் ஏறுவது வீண் வேலை, மூச்சுக்கும் நல்லதில்லை.

பைரைட் வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது அரைக்காத பாறையை. ஷாஃப்ட் தோண்டும்போதும், தங்கம் ஓடும் ரீஃபை நோக்கி வழி வெட்டும்போதும் தங்கமில்லாத பாறை நிறைய வெளியே வரும். அதை மில்லுக்கு அனுப்பாமல் தனியாகக் கொட்டிவிடுவார்கள். கறுப்பும் கரும்பச்சையுமாக இருக்கும் அந்தப் பாறையிலும், அதில் ஓடும் வெள்ளைக் குவார்ட்ஸ் ஓரத்திலும்தான் மின்னுகிற கனிமங்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும். ஆனால், ஷாஃப்ட் பக்கமெல்லாம் வேலிக்குள் இருக்கிறது. அனுமதி இல்லாமல் போகக் கூடாது. போனாலும் பழைய குழிகள் எங்கே வாய் திறந்திருக்கும் என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொன்னார் மாமா. அங்கே மின்னுவதெல்லாம் பைரைட்டும் இல்லை. வெண்கல நிறத்தில் இருந்து, காந்தம் வைத்தால் இழுத்தால் அது பிர்ரோடைட். வெள்ளி மாதிரி வெளுப்பாக இருந்து, சுத்தியலால் தட்டும்போது பூண்டு வாசனை அடித்தால் ஆர்சனோபைரைட். அதில் ஆர்செனிக் இருக்கிறது. அந்த வாசனையை முகர்ந்து பார்க்கவே வேண்டாம், கீழே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். பித்தளை மஞ்சளில், காந்தத்துக்கு மசியாமல், கண்ணாடியில் கீறினால் கோடு விழுந்தால் அது பைரைட். பளபளப்பு இல்லாத பீங்கான் ஓட்டின் பின்பக்கத்தில் தேய்த்தால் பச்சை கலந்த கறுப்புக் கோடு வரும். தங்கத்தைத் தேய்த்தால் தங்க நிறம்தான் வரும். தங்கத்தைக் குண்டூசியால் அழுத்தினால் பள்ளம் விழும், பைரைட் நொறுங்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த சாதாரணக் கனிமம் அது. பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்தில் அம்ஜோர் என்ற இடத்தில் பைரைட்டுக்காகவே மத்திய அரசு சுரங்கம் நடத்தியது. கந்தக அமிலம் செய்ய!

ரீல்ஸில் வருகிற கச்சிதமான சதுரக் கட்டிகள் கே.ஜி.எஃப்-பில் கிடைக்காது. அவற்றுக்குப் பேர்போன இடம் ஸ்பெயினில் இருக்கும் நவாகூன் என்ற சின்னக் கிராமம். யாரோ ரம்பம் வைத்து அறுத்த மாதிரி இருந்தாலும், அது பூமிக்குள் தானாகவே அப்படி வளர்ந்தது. நாமே போய்ப் பொறுக்க ஆசைப்பட்டால் இத்தாலியின் எல்பா தீவு இருக்கிறது. அங்கே ரியோ மரினா இரும்புச் சுரங்கம் 1981-ல் மூடப்பட்டு, இப்போது கனிமப் பூங்காவாகிவிட்டது. சின்ன ரயிலில் பழைய சுரங்கக் குழிவரை கூட்டிப்போவார்கள். பைரைட்டும் ஹெமடைட்டும் தேடிப் பார்க்கலாம்.

அந்த வீடியோவை மாமாவிடம் காட்டினேன். குழந்தைகள் குனிந்து கல் பொறுக்கிப் பையில் போடுவதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "வெளிய வரும்போது செக் பண்ண மாட்டாங்களாமா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவர்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். தங்கச் சுரங்கத்தில் அது வழக்கம். அதனால் அத்தனை வருஷத்தில் மாமா ஒரு ஜல்லியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. "எடுக்கலாம்னு தோணினதே இல்லையா மாமா?" என்றேன். "தோணும். அப்பறம் பசங்க மூஞ்சி ஞாபகம் வரும்" என்றார். டி.வி. ஸ்டாண்டில் குடும்ப போட்டோ, பிள்ளைகள் வாங்கிய கோப்பைகள் எல்லாம் இருக்கின்றன. அத்தனை வருஷம் அவர் உடைத்த பாறையில் ஒரு துண்டு கிடையாது.

சாயங்காலம் டார்ச்சை எடுத்துக்கொண்டு என்னை வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். பழைய கல் சுவர். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் எப்போதோ கட்டியது. சொம்புத் தண்ணீரை அதன்மேல் வீசி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். கறுப்புக் கல்லில் ஒரு மஞ்சள் வரி மினுமினுத்தது. நேராக வெளிச்சம் அடித்தால் தெரியாது. சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். எந்தச் சுரங்கப் பகுதியில் பைரைட் தேடினாலும் இதைச் செய்து பாருங்கள். சாலையோரம் கொட்டிய கல், பழைய சுவர், வீட்டு அஸ்திவாரம் இதெல்லாம் யாருடையது என்று கேட்டுவிட்டுப் பார்த்தால் எந்த வம்பும் இல்லை. சுவரை மட்டும் உடைக்காதீர்கள்.

சுவரடியில் உதிர்ந்து கிடந்த ஒரு துண்டில் அதே மஞ்சள் வரி இருந்தது. பாக்கெட்டிலிருந்த காந்தத்தை வைத்துப் பார்த்தேன், இழுக்கவில்லை. மாமா அதை வாங்கி வேட்டியில் துடைத்தார். ஈரம் பட்டால் பைரைட் துருப்பிடிக்கும், அமிலமும் கசியும், நன்றாகக் காயவைக்க வேண்டும் என்று சொன்னேன். தலையாட்டினார்.

எனக்குத்தான் தருவார் என்று கையை நீட்டியிருந்தேன். அவர் உள்ளே போய், மாமியிடம் பழைய துணி கேட்டுத் திரும்பவும் துடைத்து, டி.வி. ஸ்டாண்டில் போட்டோவுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.