அணையாத பக்கம்

திருவனந்தபுரம் கரமனையில் ஒரு வீட்டின் பின்புறத் தகரக் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று பல மாதங்களாகப் பிரிந்து கிடந்தது. சட்டகம் மரக்கட்டைகளின் மேல் நின்றது. எஞ்சின் சாக்கு போர்த்தி ஒரு மூலையில் இருந்தது. கடற்காற்றில் அரித்துப்போன பழைய உடலுக்குப் பதிலாக அடித்து வாங்கிய புதிய தகட்டு உடல் சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. எலி கடித்தும் வெயிலில் வெடித்தும் போன பழைய ஒயரிங் முழுவதும் அறுத்தெடுக்கப்பட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் சுருண்டிருந்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆட்டோ எலெக்ட்ரீஷியன், எழுபத்தைந்தைக் கடந்தவர். உடன் வேலை செய்தவள் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் அவருடைய பேத்தி. வண்டியை ஓட்டப்போகிறவளும் அவளே. கண்ணில் நீர் அழுத்தம் கண்ட பிறகு இரவில் வண்டியோட்டுவதை அவர் விட்டுவிட்டார்.

மேலைநாடுகளில் இவ்வகை வேலைக்குத் தனி மரபு உண்டு. 1957இல் பிரிட்டனில் வெளிவந்த லோட்டஸ் செவன் காரை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம். முழுக்காருக்கு இருந்த கொள்முதல் வரி உதிரிகளுக்கு இல்லை என்பதே அதன் கவர்ச்சி. இன்றும் அங்கே கைவினைக் கார்கள் தனிவாகன ஒப்புதல் சோதனையைக் கடந்து சாலைக்கு வருகின்றன. இந்தியாவில் அந்த வாசல் மிகக் குறுகியது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் மூலக் குறிப்புகளுக்கு முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை மீண்டும் உறுதிப்படுத்தியது. ஆகவே அந்தக் கொட்டகையில் நடந்தது புதிய கார் ஒன்றை உருவாக்கும் வேலையாக இருக்க முடியாது. பதிவு உயிரோடிருக்கும் ஒரு வண்டியை அதன் பழைய வடிவிலேயே மீண்டும் கூட்டிச் சேர்க்கும் வேலை அது. ஆயினும் தரையில் பரப்பிய உதிரிகளின் நடுவே உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு குறைவே.

உதிரிகளாக வந்து இங்கே உருவம் பெறுவது திருவனந்தபுரத்துக்குப் பழகிய கதைதான். 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா தொடங்கிவைத்த திருவிதாங்கூர் அரசுப் போக்குவரத்தின் முதல் பேருந்துகள், இங்கிலாந்திலிருந்து வெறும் கோமர் சட்டகங்களாகவே வந்திறங்கின. லண்டன் போக்குவரத்தில் பணியாற்றிய சால்ட்டர் என்ற அதிகாரியின் மேற்பார்வையில் உள்ளூர்த் தொழிலாளர்களே அவற்றுக்கு உடல் கட்டினார்கள். இந்தியாவின் ஜீப்பும் அவ்வாறே 1940களின் இறுதியில் பம்பாயில் உதிரிப் பெட்டிகளிலிருந்து பிறந்தது. அந்நிய சட்டகத்தை நம் கையால் முழுமையாக்கும் தொழில் தலைமுறைகளாகக் கைமாறி வந்திருக்கிறது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்த பின்பும், நாகர்கோவில் பக்கத்துப் பையன்கள் திருவனந்தபுரத்துப் பட்டறைகளுக்கு வேலை பழக வருவது நிற்கவில்லை. பெரியவர் அப்படி வந்தவர்.

அவர் கற்ற தொழிலுக்கு மூன்று மொழிகள் இருந்தன. ஆசான் மலையாளத்தில் ஏவுவார். பையன்கள் தமிழில் முணுமுணுப்பார்கள். ஒயர்கள் ஆங்கிலேயரின் நிற இலக்கணத்தில் பேசும். பிரிட்டிஷ் வழிவந்த வண்டிகளில் பழுப்பு என்றால் பாட்டரியிலிருந்து நேரே வருவது, கறுப்பு என்றால் எர்த், நீலம் முன்விளக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். பிற்காலத்தில் ஜெர்மன் வழி வந்த எண் இலக்கணம் ஒன்றும் சேர்ந்தது. டின் 72552 என்ற அந்தத் தரநிலையில் 30 என்றால் பாட்டரி, 31 என்றால் எர்த், 56ஏ என்றால் பிரைட், 56பி என்றால் டிம். ஒலியே இல்லாத இச்சொற்கள் மாறா எழுத்தாகப் பல நாட்டுப் பட்டறைகளிலும் ஒரே பொருள் தருகின்றன. சுவிட்சுக்கு மட்டும் தமிழில் ஒரு சொல் நிலைக்கவில்லை. சொடுக்கி, நிலைமாற்றி என்பவை ஏட்டில் நின்றுவிட்டன. இலங்கைத் தமிழர் ஆளி என்கிறார்கள். ஆளுகை அதில் ஒலிக்கிறது. கரமனைக் கொட்டகையில் அது சுவிச்சுதான்.

அந்தச் சுவிச்சில்தான் இருவருக்கும் பிணக்கு வந்தது.

அக்கால ஜீப்பில் டாஷ்போர்டிலிருந்து இழுக்கும் குமிழ் ஒன்று உண்டு. ஒருமுறை இழுத்தால் பார்க்கிங் விளக்கு, மறுமுறை இழுத்தால் முன்விளக்கு. பிரைட், டிம் மாற்றுவதற்குக் கிளட்ச்சின் இடப்புறம் தரையில் ஒரு கால் சுவிட்ச். பேத்தி இவ்விரண்டையும் விலக்கிவிட்டு, ஸ்டியரிங் தண்டில் விரலால் இயக்கும் நவீனக் கம்பிச் சுவிட்சைப் பொருத்த விரும்பினாள். அவள் காரணங்கள் வலுவானவை: கை ஸ்டியரிங்கை விட்டு நீங்க வேண்டாம், காலுக்குத் தனி வேலை வேண்டாம், மழைநீரும் சேறும் தரைச் சுவிட்சை எளிதில் துருப்பிடிக்கச் செய்யும். பெரியவரோ பழைய இழுவைக் குமிழையும் கால் சுவிட்சையும் விட மறுத்தார். அதைப் பழமைப் பற்று என்று அவள் எடுத்துக்கொண்டாள். எதிர்வாதம் எதுவும் அவர் சொல்லவில்லை. மறுநாள் மாலை சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வீட்டில் அதுவரை எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

இளமையில் ஒரு வாடகை ஜீப்காரர் அவரிடம் வந்து மலைப்பாதையில் வெளிச்சம் போதவில்லை என்றார். இருந்தவை 45 வாட் பல்புகள். அவற்றைக் கழற்றிவிட்டு 100 வாட் பல்புகளைப் போட்டுக் கொடுத்தார். ஒயர் அதே ஒயர். சுவிட்ச் அதே சுவிட்ச். வாடிக்கையாளர் மகிழ்ந்து போனார். கணக்கோ எளியது. இரண்டு 45 வாட் விளக்குகளுக்கு 12 வோல்ட்டில் ஏழரை ஆம்பியர் ஓடும். இரண்டு 100 வாட்டுக்கு 16 ஆம்பியருக்கு மேல். தேய்ந்த தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு உயரும். ஆகவே சூடு ஏறத்தாழ ஐந்து மடங்கு. அக்கணக்கை அன்று அவர் போடவில்லை. சில வாரங்களுக்குப் பின் பொன்முடிச் சாலையின் வளைவொன்றில் சுவிட்ச் கருகி, இரண்டு விளக்கும் ஒரே கணத்தில் அணைந்தன. வண்டி மலைச்சுவரில் மோதியது. மறுபக்கம் திரும்பியிருந்தால் பள்ளம். ஓட்டியவர் உயிர் பிழைத்தார். ஆனால் கால் சேரவில்லை, பிறகு அவர் வண்டியே ஓட்டவில்லை. எலெக்ட்ரீஷியனை யாரும் குற்றம் சொல்லவில்லை. மழை, இருட்டு, விதி என்று பேச்சு முடிந்துவிட்டது. குற்றம் சொல்லப்படாதவனின் சுமை ஐம்பது ஆண்டுகள் அவரிடமே இருந்தது.

“எரிய வைக்கதுக்கு எல்லாவனுக்கும் தெரியும் மக்ளே,” என்றார். “கெட்டுப்போனா எப்பிடிக் கெடணும்னு யோசிக்கவனுக்குத்தான் கூலி.”

பேத்தி சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “அப்பம் வரைஞ்சு பாப்போம் பாட்டா,” என்றாள்.

அன்றிரவு வரைந்த சுற்றில் இருவருடைய விருப்பமும் உருமாறிக் கலந்தன. இழுவைக் குமிழ் நிலைத்தது. ஆனால் முன்விளக்கின் மின்னோட்டம் இனி அதன் வழியே போகாது. குமிழ் ரிலேக்களுக்கு ஆணை மட்டும் இடும். நான்கு ரிலேக்களின் சுருளுக்கும் சேர்த்து ஓர் ஆம்பியர்கூடத் தேவையில்லை. விளக்குக்கான மின்னோட்டம் பாட்டரியிலிருந்து ஃப்யூஸ், ரிலே வழியாக இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் ஒயரில் நேரே விளக்குக்குப் போகும். இடது விளக்குக்குத் தனி ஃப்யூஸ், தனி ரிலேக்கள். வலது விளக்குக்கும் அவ்வாறே. பல்பு எச்4 வகை, 60/55 வாட். பிரைட்டில் ஒரு பக்கத்துக்கு ஐந்து ஆம்பியர். ஒரு ஃப்யூஸ் போனாலும் மறுகண் விழித்திருக்கும்.

நேர் வழிக்கு வெளிச்சத்திலும் பலன் உண்டு. மெல்லிய நெடும் ஒயரில் ஒன்றரை வோல்ட் தொலைந்து 12க்குப் பதில் பத்தரை வோல்ட்டே பல்பை அடைந்தால், வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். இழை விளக்கின் ஒளி வோல்ட்டைவிடப் பன்மடங்கு விரைவாக வீழ்வது. பல்பை மாற்றாமல் ஒயரை மாற்றியிருந்தாலே அன்றைய வாடிக்கையாளரின் குறை பெருமளவு தீர்ந்திருக்கும் என்று பேத்திக்குத் தோன்றியது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அவர் அதை எப்போதோ கணக்கிட்டு முடித்திருந்தார்.

அடுத்தது கால் சுவிட்ச். தேய்ந்த கால் சுவிட்ச் சில வேளை இரண்டு முனைகளையும் தொடாமல் நடுவில் நின்றுவிடும். அப்போது பிரைட்டும் இல்லை, டிம்மும் இல்லை. இதற்கான விடை ஐந்து முனை ரிலேயில் இருந்தது. அதில் 87 என்ற முனை சுருள் உயிர்பெறும்போது மட்டும் இணையும். 87ஏ என்ற முனை சுருள் உறங்கும்போது இணைந்திருக்கும். டிம் இழையை 87ஏ முனையில் கட்டினார்கள். கால் சுவிட்ச் பிரைட்டைக் கேட்டால்தான் சுருள் இழுக்கும். சுவிட்ச் பழுதானால், அதன் ஒயர் அறுந்தால், விளக்கு தானாகவே டிம்மில் நிற்கும். எதிரில் வருபவரின் கண்ணையும் அது கூச வைக்காது. பழுதின் முகம் இருட்டாக இருந்த இடத்தில், பழுதின் முகம் டிம்மாக ஆயிற்று.

எஞ்சியது இழுவைக் குமிழ். இரு பக்கத்துக்கும் ஆணை அந்த ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்று பேத்தி சுட்டிக்காட்டினாள். அதற்கு இணையாக, வேறொரு ஃப்யூஸிலிருந்து வரும் சிறு டாகிள் சுவிட்ச் ஒன்றை டாஷ்போர்டின் அடியில், இருட்டில் கை தானே தேடிப் போகுமிடத்தில் வைத்தார்கள். பாட்டரியும் ஒன்றுதானே என்று அவள் கேட்டாள். பெரியவர் சிரித்தார். எல்லாவற்றையும் இரண்டாக்கிவிட முடியாது. எதை இரண்டாக்குவது என்று தேர்வதே தொழில்.

சாமான்கள் சாலைக் கம்போளத்திலிருந்து வந்தன. எர்த்துக்குப் பெரியவர் உடலை நம்பவில்லை. புதுப் பெயிண்டும் கடற்காற்றின் துருவும் எர்த்துக்குப் பகை. ஒரு விளக்கின் எர்த் விட்டுப்போனால் மின்னோட்டம் அடுத்த இழைகளின் வழியே திரும்பப் பார்த்து எல்லாவற்றையும் மங்க வைக்கும். ஆகவே இரு விளக்கிலிருந்தும் கறுப்பு ஒயர்கள் தனித்தனியே பாட்டரி வரை ஓடின. ஒவ்வொரு முனையிலும் பேத்தி சிறு துணிப்பட்டை கட்டி எண் எழுதினாள். கீழே தமிழிலும் மலையாளத்திலும் பெயர் எழுதினாள். இன்னும் இருபதாண்டு கழித்து இதைத் திறக்கும் ஏதோ ஒரு பையன் எந்த மொழிக்காரனாக இருந்தாலும் தடுமாறக் கூடாது என்பது அவள் எண்ணம்.

விளக்கு முதலில் எரிந்தது ஒரு மழைநாள் மாலையில். பக்கத்து வீட்டுச் சுவரில் இரண்டு வெளிச்ச வட்டங்கள் விழுந்தன. பேத்தி இடது ஃப்யூஸைப் பிடுங்கினாள், வலது நின்றது. மீண்டும் செருகி வலதைப் பிடுங்கினாள், இடது நின்றது. கால் சுவிட்சின் ஒயரைக் கழற்றினாள். இரண்டும் டிம்முக்கு இறங்கி நின்றன. குமிழின் ஃப்யூஸை எடுத்தாள்; கொட்டகை இருண்டது. டாஷ்போர்டின் அடியில் அவள் கை போயிற்று, வட்டங்கள் திரும்பின.

சுவரின் வட்டங்கள் பெரியவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. எல்லா ஃப்யூஸும் மீண்டும் இடத்தில் அமர்ந்தபின், பிரைட்டில் போட்டு எஞ்சினை ஒரு மணி நேரம் ஓடவிடச் சொன்னார். அவ்வளவு நேரமும் அருகிலேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, தடவித் தடவி டாஷ்போர்டை அடைந்து, இழுவைக் குமிழின் பின்புறத்தில் கட்டைவிரலை வைத்தார். நெடுநேரம் எடுக்கவில்லை.

குமிழ் குளிர்ந்திருந்தது.